முன்சக்கரத்தில் வழிந்த எண்ணெய்

ஒரகடத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கு முன் ஃபோர்க் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு கால்களைத்தான் ஃபோர்க் என்கிறோம். ஒவ்வொரு காலிலும் பளபளப்பான குழாய் ஒன்று, எண்ணெய் ஊற்றிய உறைக்குள் ஏறி இறங்கும். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது நம் முதுகெலும்பைக் காப்பாற்றுவது அந்த எண்ணெய்தான். அது வெளியே வராமல் குழாயைச் சுற்றிக் கவ்வி நிற்கும் ரப்பர் வளையத்துக்கு ஆயில் சீல் என்று பெயர். அந்தச் சீலைப் பொருத்தும் இடத்தில்தான் நான் நிற்கிறேன்.

தட்டிலிருந்து சீலை எடுக்க வேண்டும். எழுத்து இருக்கும் பக்கம் மேலே பார்க்கிறதா என்று கவனித்து மெஷினில் வைக்க வேண்டும். பிறகு இரண்டு கையாலும் இரண்டு பட்டன்களை ஒரே சமயத்தில் அழுத்தினால் மெஷின் இறங்கி ஒரு தட்டு தட்டும். பச்சை விளக்கு எரிந்தால் அடுத்தது. ஒரு ஷிஃப்டில் எத்தனை நூறு முறை என்று முதல் மாதம் எண்ணிக்கொண்டிருந்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் யாராவது வேலையைப் பற்றிக் கேட்டால், "ரோட்ல போற வண்டியில பாதிக்கு நான்தான் சீல் போட்டேன்" என்பேன். சிரிப்பார்கள். நான் சொன்னது முழுக்க விளையாட்டுக்கு இல்லை.

என் சொந்த வண்டியும் மோட்டார் சைக்கிள்தான். என் கணவர் படப்பைப் பக்கம் புது மனைகளில் எழும் வீடுகளுக்கு ஒயரிங் வேலை செய்கிறார். அவர் வேறு வண்டி வாங்கியபோது பழையதை நான் எடுத்துக்கொண்டேன். போன வருடம் ஒருநாள் அதன் முன் காலில், பிரேக் டிஸ்க் இருக்கும் பக்கம், எண்ணெய் வழிந்திருப்பதைப் பார்த்தேன். ஃபோர்க் சீல் போய்விட்டது. ஜல்லி லாரிகள் ஓடும் சாலையில் தினமும் போய்வரும் வண்டிக்கு அது ஆச்சரியமே இல்லை.

"மெக்கானிக்காண்ட வுட்டுடலாம், சாயங்காலம் வாங்கிக்கலாம்" என்றார் அவர்.

"சீல் மாத்த எனக்கு மெக்கானிக்கா? இன்னா பேசறீங்க!"

"அங்க மெஷின் கீது. இங்க இன்னா கீது?"

"கை கீது."

இதை நான் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே சர்ச்சில் பூசை முடிந்து வந்து, வீட்டு வாசலில் சாக்கு விரித்து இருவரும் உட்கார்ந்தோம். சக்கரத்தைக் கழற்றினோம், காலை உருவினோம், பழைய எண்ணெயைக் கவிழ்த்தோம். பழைய சீலை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தேன். புதுச் சீலின் உதட்டில், குழாயைக் கவ்வும் உள்விளிம்பில், கிரீஸ் தடவி, எழுத்துப் பக்கம் மேலே வைத்து, குழாயின் நுனி வழியாகக் கீழே தள்ளினேன். நுனியில் லேசாக ஓர் இடறல். கொஞ்சம் திருகியதும் இறங்கிவிட்டது. பழைய சீலை அதன்மேல் வைத்துச் சுற்றிலும் சுத்தியலால் தட்டி உட்காரவைத்தேன். ஊற்றும் எண்ணெய்க்கு அளவு வேண்டுமே என்று மகள் குழந்தையாக இருந்தபோது வாங்கிய பால் பாட்டிலைத் தேடி எடுத்து, அதன் கோட்டைப் பார்த்து ஊற்றினேன். அவர் என்னைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டார். மாமியார் வீட்டிலிருந்து கைதட்டல்களாக வந்து விழுந்தன.

ஒரு வாரம் எல்லாம் சரியாகவே இருந்தது. அதற்குப் பிறகு ஒருநாள் காலையில் குழாயில் மெல்லியதாக ஓர் எண்ணெய் வளையம் தெரிந்தது. கிரீஸ் கொஞ்சம் அதிகமாகத் தடவிவிட்டேன், அதுதான் வெளியே வருகிறது என்று நினைத்துத் துணியால் துடைத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி துடைத்தேன். அப்புறம் தினமும் துடைப்பது வழக்கமாகிவிட்டது. துடைத்த துணியைச் சீட்டுக்கு அடியிலேயே வைத்துக்கொண்டேன். இன்று இதை எழுதும்போது, அந்தத் துணியை வைத்துக்கொண்டவள் நான்தானா என்று இருக்கிறது. தொழிற்சாலை லைனில் ஒரே ஒரு ஃபோர்க்கில் அப்படி ஒரு வளையம் தெரிந்திருந்தால் சிவப்பு அட்டை போட்டுத் தனியாக எடுத்து வைத்திருப்பேன்.

என்னோடு பின்சீட்டில் தினமும் ஒருத்தி வருவாள். தென்காசிப் பக்கத்துப் பெண், வயது இருபத்துமூன்று, லைனில் நான் நிற்கும் ஸ்டேஷனிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி நின்று ஃபோர்க்குக்கு எண்ணெய் நிரப்புகிறவள். படப்பையில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். கம்பெனி பஸ் ஹாஸ்டலுக்கு ரொம்ப முன்னாடியே வந்துவிடுகிறது என்று என்னோடு வர ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வழி முழுக்கப் பேசிக்கொண்டே வருவாள். ஹெல்மெட்டுக்குள் எனக்குப் பாதிதான் கேட்கும்.

அன்றைக்கு எங்களுக்கு மதிய ஷிஃப்ட். ஒரு மணி வெயில். ஒரகடத்துக்குச் சற்று முன்னால், எங்களுக்கு முன்னே நீளமான கன்டெய்னர் டிரெய்லர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. இடப்பக்கம் ஒரு தொழிற்சாலை கேட்டுக்குள் திரும்ப அது வேகம் குறைத்தது. போதுமான தூரம் இருந்தது. நான் சாவகாசமாக முன் பிரேக்கைப் பிடித்தேன்.

பிரேக் பிடி எப்போதும்போல இறுக்கமாகத்தான் இருந்தது. வண்டி மட்டும் நிற்கவில்லை. இன்னும் அழுத்தினேன். விரல்கள் வலிக்கும் அளவுக்கு அழுத்தியும், ஈரச் சோப்பைப் பிடித்ததுபோல் சக்கரம் நழுவிப் போய்க்கொண்டே இருந்தது. டிரெய்லர் திரும்பிவிட்டது, அதன் நீண்ட வயிறு சாலையை அடைத்துக்கொண்டு எனக்குக் குறுக்கே வந்தது. பின் பிரேக்கை மிதித்தேன். பின்சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொண்டு, வண்டி பக்கவாட்டில் சாய்ந்து, சறுக்கியது.

பின்னால் அவள் "எக்கா" என்றது கேட்டது. அதற்கு அப்புறம் எனக்குத் தெரிந்தது நிழல்தான். உச்சி வெயிலில் திடீரென்று நிழலில் கிடந்தேன். தலைக்கு மேலே இரும்புச் சட்டங்களும் தொங்கும் காற்றுக் குழாய்களும் இருந்தன. கழுத்தைத் திருப்பினால் இரட்டை இரட்டையாகச் சக்கரங்கள். என் முழங்கைக்கும் முதல் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாப்பாட்டுத் தட்டு வைக்கலாம், அவ்வளவுதான். சக்கரங்கள் சுற்றவில்லை. டிரெய்லர் ஓட்டுநர் நிறுத்தியிருந்தார். அத்தனை பாரத்தையும் அந்த ஒரு கணத்தில் நிறுத்தியிருந்தார்.

யாரோ என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். அவள் நான்கைந்து அடி தள்ளி, சாலை ஓரத்து மண்ணில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தாள். எனக்கு முட்டியிலும் உள்ளங்கையிலும் சிராய்ப்பு மட்டும்தான்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. டிரெய்லர் ஓட்டுநர் இறங்கி ஓடிவந்தார். நாற்பது வயதிருக்கும், வடக்கத்திக்காரர், கழுத்தில் துண்டு. என்னைப் பார்த்து, நான் நிற்பதைப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே சாலையில் உட்கார்ந்தார். முதல் அடி விழுந்தது அப்போதுதான்.

"பொம்பளப் புள்ளைங்க வர்றது கண்ணு தெரியல?"

"இண்டிகேட்டர் தியா தா, இண்டிகேட்டர்" என்று அவர் இந்தியில், சிக்னல் போட்டேனே என்பதுபோல், டிரெய்லரின் பின்பக்கத்தைக் கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். இடதுபக்க விளக்கு அப்போதும் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். இன்னொருவர் கன்னத்தில் அறைந்தார். அவர் திருப்பி அடிக்கவே இல்லை, கும்பிட்டார். உதட்டிலிருந்து ரத்தம் வந்து துண்டில் பட்டது.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. அதிர்ச்சியில் நாக்கு எழவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. இந்த ஆள் குறுக்கே திரும்பியதால்தான் இப்படி ஆனது என்று அந்த நேரத்தில் நானும் நம்பினேன். அடிக்கட்டும் என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

கம்பெனி ஆம்புலன்ஸ் வந்து எங்களை ஏற்றிக்கொண்டது. அவளுக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டு, இரண்டு மாதம் கையை அசைக்கக் கூடாது என்றார்கள். ஊரிலிருந்து அவள் அம்மா ராத்திரியோடு ராத்திரியாகப் புறப்பட்டு வந்து, மறுநாள் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அந்த லாரிக்காரன் நல்லாருப்பானா தாயீ? எம்பிள்ளைய நீதான் காப்பாத்துன" என்றார். நான் தலையாட்டினேன்.

என் வண்டியை ஒரு குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி, படப்பையில் என் கணவருக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் விட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் நான் போனேன். என் வயதுக்காரர்தான், அதிகம் பேசாதவர். வளைந்த ஹேண்டில்பாரைச் சரிசெய்துவிட்டு முன்சக்கரத்தின் பக்கம் குந்தி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்:

"சிஸ்டர், வண்டி பிரேக் புடிச்சிச்சா அன்னிக்கு?"

"புடிச்சேன். நிக்கல."

"எப்டி நிக்கும்?"

டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் கட்டைகள் இரண்டையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். கட்டைகள் ஊறிப்போய்க் கறுப்பாக, வழவழவென்று இருந்தன. விரலை மூக்கருகில் கொண்டுபோனேன். அந்த வாசனை எனக்குத் தெரியாதா? ஆறு வருடமாக அந்த வாசனையோடுதான் வீட்டுக்குப் போகிறேன். ஃபோர்க் ஆயில். காலில் இறங்கி, டிஸ்க்கில் பட்டு, கட்டைக்குள் போயிருக்கிறது. நான் கண்ணுக்குத் தெரிந்ததை மேலே துடைத்துக்கொண்டிருந்தேன். அது துணி எட்டாத இடத்தில் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

"இது கம்பெனி ஃபிட்டிங் இல்ல. யாரோ வூட்ல மாட்டிக்கீறாங்க" என்று சொல்லியபடி சீலை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்பக்க உதட்டில், நகத்தால் கீறியதுபோல் ஒரு வெட்டு. "இதோ பாருங்க. கொழா நுனி கத்தி மாதிரி இருக்கும். ஒரு பிளாஸ்டிக் கவராச்சும் சுத்திட்டுத்தான் எறக்கணும். சும்மா எறக்குனா வெட்டிடும். எந்த அரகொறை போட்டான்னு தெர்ல."

நுனியில் அந்த லேசான இடறலை என் விரல்கள் இன்னும் மறந்திருக்கவில்லை. "நான்தான் போட்டேன்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று அவருக்குத் தெரியும். சீலை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் வேலைக்குப் போனேன். என் மெஷினின் முன் நின்று, முதல் தடவையாக அதை முழுசாகப் பார்த்தேன். பட்டனை அழுத்தியதும், சீல் இறங்குவதற்கு முன்னால், கூம்பு வடிவில் வெள்ளை நைலான் தொப்பி ஒன்று வந்து குழாயின் நுனியை மூடுகிறது. சீல் அதன்மேல் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. தொப்பி விலகுகிறது. ஒரு நொடிகூட ஆகாது. ஆறு வருடமாக என் கண்ணுக்கு முன்னால், ஒரு நாளைக்கு அத்தனை நூறு முறை அது நடந்திருக்கிறது. நான் பச்சை விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சார், இந்தத் தொப்பி எதுக்கு?"

"சீல் லிப் கட்டாவக் கூடாதுன்னுதான். ஆறு வருஷமா நிக்கிற ஸ்டேஷன்மா, இன்னா திடீர்னு கேக்கற?"

சீல் போடத் தெரிந்தவள் என்று நான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். போடத் தெரிந்தது மெஷினுக்கு. எனக்கு எடுத்து வைக்கத் தெரியும், அவ்வளவுதான். அன்றைக்கு இரண்டு முறை பட்டன் பிசகி, சிவப்பு விளக்கு எரிந்து லைன் நின்றது. ஆக்சிடென்ட்டில் பயந்திருக்கிறாள் பாவம் என்று சொல்லி எல்லோரும் அன்பாக இருந்தார்கள். அந்த அன்பைத் தாங்குவதுதான் சிரமமாக இருந்தது.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் சீலையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "யாராண்டயும் சொல்லாத. கேஸு இல்ல, ஒண்ணும் இல்ல. லாரிக்காரன் மேலதான் எல்லாரும் சொல்லிக்கினு கீறாங்க. அப்படியே இருக்கட்டும்."

"அந்தாளு அடி வாங்கினாருங்க."

"அதுக்கு நீயும் வாங்கணுமா?"

அவர் கெட்டவர் இல்லை. அடுத்த வீட்டு ஆட்டுக்குட்டி அடிபட்டால்கூடத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர். அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும், அது எனக்கு உள்ளுக்குள் ஆறுதலாக இருந்ததும், இரண்டுமே என்னைத் திடுக்கிட வைத்தன. அவர் சொன்னபடியே மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

நான்காவது வாரம் ஹாஸ்டலுக்குப் போனேன். அவள் அம்மா ஊருக்குத் திரும்பியிருந்தார். அவள் கட்டுப்போட்ட கையோடு கட்டிலில் சாய்ந்து செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன். நான் மாட்டிய சீல், வெட்டு, பிரேக் கட்டையில் எண்ணெய், தினமும் துடைத்த துணி, எதையும் விடவில்லை. திட்டுவாள், அழுவாள், வெளியே போ என்பாள் என்று எதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

அவள் செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். "நான் பாத்தேம்க்கா" என்றாள்.

"எதை?"

"எண்ணெய. நீங்க ஹாஸ்டல் வாசல்ல வந்து நிப்பீங்கள்லா, கீழ டைல்ஸ்ல. வண்டி போன பொறவு ரெண்டு சொட்டு கெடக்கும். வாச்மேன்கூட ஒரு நாளு காமிச்சாரு."

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"கேக்கணும்னுதான் நெனச்சேன். நீங்க சீல் போடுத ஆளு. உங்களுக்குத் தெரியாததயா நான் சொல்லப் போறேன்னு விட்டுட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஃபோர்க் ஆயிலைத் தினமும் அளந்து ஊற்றுகிறவள் அவள். தரையில் கிடந்தது என்ன எண்ணெய் என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் எல்லோரிடமும் அடித்துக்கொண்ட பெருமை, அவள் வாயை அடைத்து, அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்திருக்கிறது.

"அந்த டிரைவர்ட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"யார்னு தெரியாதே."

"தேடலாம்லா?"

அடுத்த சனிக்கிழமை அவளும் வந்தாள். என் வண்டியில் இல்லை. ஷேர் ஆட்டோவில்தான் போனோம். அந்தத் தொழிற்சாலை கேட்டில் இருந்த செக்யூரிட்டி, கன்டெய்னர்கள் பத்து இடத்திலிருந்து வரும், ஓட்டுநர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், பெயர் தெரியாமல் ஒன்றும் செய்ய முடியாது என்றார். எதிரே டீக்கடை ஒன்று இருந்தது. ஓட்டுநர்கள் அங்கேதான் நிற்பார்கள் என்றதால் அங்கே போய்க் கேட்டோம்.

டீக்கடைக்காரர் அவளுடைய கைக்கட்டைப் பார்த்ததுமே எங்களை அடையாளம் கண்டுகொண்டார். முகம் மலர்ந்துவிட்டது. "அன்னிக்கு வுழுந்தீங்களே, நீங்கதானே! உக்காருங்க, உக்காருங்க. அந்த டிரைவரா? அதுக்கப்பறம் இந்தப் பக்கமே வர்ல. நானும் அவனுக்கு ரெண்டு வுட்டேன் சிஸ்டர். வுடுவனா?"

எங்களைச் சந்தோஷப்படுத்த அதைச் சொன்னார். டீ ஆற்றும் கையை நான் பார்த்தேன். காலரைப் பிடித்துத் தூக்கிய கை அதுவாகவும் இருக்கலாம்.

"அவரு மேல தப்பு இல்லண்ணே" என்றேன். "என் வண்டில பிரேக் இல்ல. அவரு நிறுத்தலன்னா நாங்க ரெண்டு பேரும் சக்கரத்துக்கு அடியில போயிருப்போம். அவருதான் எங்கள காப்பாத்தினாரு."

அவர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். கொஞ்ச நேரம் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் பார்த்தார்கள். பிறகு அவர் மறுபடி ஆற்றத் தொடங்கினார்.

"வுடுங்க சிஸ்டர், லாரிக்காரங்கதானே. அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம்" என்றார்.

அதற்குப் பிறகும் இரண்டு முறை போய்க் கேட்டுவிட்டேன். அந்த ஓட்டுநரை இதுவரை பார்க்க முடியவில்லை. எந்த மாநிலம், என்ன பெயர், எதுவும் தெரியாது. ஒரகடம் சாலையில் தினமும் அதுமாதிரி எத்தனையோ டிரெய்லர்கள் போகின்றன. ஒவ்வொன்றின் கேபினையும் நிமிர்ந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

வண்டிக்குப் புதுச் சீலும் புதுப் பிரேக் கட்டைகளும் போட்டாயிற்று. மெக்கானிக் போட்டார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சாதாரண மளிகைக்கடைப் பிளாஸ்டிக் கவரைக் கிழித்து நுனியில் சுற்றி, அதன்மேல் எண்ணெய் தடவிச் சீலை இறக்கினார். பிறகு குழாய்க்குச் சரியான அளவில் வெட்டிவைத்திருந்த பிவிசி பைப்பால் எல்லாப் பக்கமும் சமமாகத் தட்டினார். கடைசியில், குழாயில் கல் பட்ட சின்னப் புள்ளி ஒன்றை விரலால் தடவிக் கண்டுபிடித்து, நைஸ் எமரித் தாளில் தேய்த்தார். அந்தப் புள்ளியையும் நான் பார்த்திருக்கவில்லை.

அவள் எலும்பு கூடி வேலைக்குத் திரும்பிவிட்டாள். நாங்கள் கான்டீனில் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். என் பின்சீட்டில் அவள் ஏறுவதில்லை. நான் கூப்பிடுவதும் இல்லை. சீக்கிரம் எழுந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறாள். உண்மையை அவள் அம்மாவிடமும் சொல்லிவிட்டாள். முன்பெல்லாம் மகளிடம் பேசி முடித்ததும் போனை என்னிடம் கொடுக்கச் சொல்லுவார். இப்போது அவள் பக்கத்தில் நான் இருப்பது தெரிந்தால், வைக்கிறேன் என்று சொல்லி வைத்துவிடுகிறார்.